தறி நின்றால் விழிக்கும் பிள்ளை

திருப்பூர் பக்கத்து மங்கலத்தில் விசைத்தறி ஓடும் தெருக்களில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. பக்கத்தில் இருந்தால் தோளைத் தொடுவார்கள். எட்ட இருந்தால் சுவிட்சைத் தட்டி விளக்கை ஒருமுறை அணைத்து எரியவிடுவார்கள். ஆள் திரும்பிய பிறகு பேச்சு உதட்டால் நடக்கும். குரல் கொடுப்பது வீண் என்று வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு தொண்டைக்கு வேலை இல்லை. வாயை மட்டும் அகலமாக அசைத்து வீட்டு விவகாரம், சினிமா, சண்டை எல்லாவற்றையும் பேசுவார்கள்.

அனுசுயா கல்யாணமாகி கமுதிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோது அவளுக்கு இந்தப் பேச்சு தெரியாது. புருஷன் முனீஸ் அவளுடைய தாய்மாமன் மகன்தான். அதற்கு முன்பே நஞ்சப்பன் என்பவரின் தறிக்குடோனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். குடோனை ஒட்டிய லைன் வீட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். முதல் சில வாரம் அவளுக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. பிறகு வலி போய்விட்டது. சத்தம் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தறி சொல்லிக்கொடுத்தவள் பக்கத்துத் தறிகளைப் பார்க்கும் கோமளா. குன்னத்தூரில் பிறந்து மங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். பாவில் இழை அறுந்தால் எங்கே பார்ப்பது, முடிச்சை எப்படிச் சின்னதாகப் போடுவது, குறுக்கு நூலோடு ஓடும் நாடா சிக்கினால் கையை எங்கே வைக்கக் கூடாது என்பதோடு உதட்டுப் பேச்சையும் கோமளாதான் பழக்கினாள். அதற்கும் ஒரு முறை உண்டு. ப, ம, வ எல்லாம் உதட்டில் தெரியும். க தொண்டைக்குள் பிறக்கிறது. அது வெளியே தெரியாது. அதனால் தறிக்காரர்கள் தெரியாத சொல்லை விட்டுவிட்டுத் தெரிகிற சொல்லைத் தேடி எடுப்பார்கள்.

அனுசுயாவின் மகளுக்கு ஊரில் வைத்த பெயர் கனிஷ்கா. கனி என்று கூப்பிட்டால் உதட்டில் ஒன்றும் தெரியாது. அதனால் குடோனில் அவள் பாப்பா ஆனாள். பிள்ளை கனி என்ற பெயருக்குத் திரும்பாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கைக்குழந்தையோடு வேலைக்குத் திரும்பியபோது, குடோனின் மூலையில் தொட்டில் கட்டிக்கொள்ள நஞ்சப்பன் சம்மதித்தார். இரும்பு உத்தரத்தில் சேலையைக் கட்டினார்கள். அத்தனை தறிகளும் அடித்துக்கொண்டிருக்க, பிள்ளை அதற்குள் அசையாமல் தூங்கும். பார்க்க வருகிறவர்கள் அதிசயப்படுவார்கள். அதைவிட அதிசயம் வேறொன்று இருந்தது. கரண்ட் போய்த் தறிகள் நின்ற அடுத்த நிமிடம் பிள்ளை விழித்துவிடும்.

"தறி நின்னாப் போதும், முழிச்சுக்கறா பாரு அம்முணி. பாம்புச் செவி உம்பட புள்ளைக்கு" என்பாள் கோமளா.

அனுசுயாவுக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருக்கும். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை, அது நின்றால் வித்தியாசம் தெரிந்து எழுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். சத்தம் நின்றதால் அல்ல, உத்தரத்தின் அதிர்வு நின்றதால்தான் அது எழுந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய காரணமும் இல்லை. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் சத்தமும் அதிர்வும் ஒன்றாகத்தான் வந்தன.

பிள்ளை நடக்க ஆரம்பித்தது, ஓடியது, சிரித்தது, அழுதது. சிரிப்புக்கும் அழுகைக்கும் குரல் இருந்தது. விளக்கை அணைத்து எரியவிட்டால் திரும்பிப் பார்க்கும். பேச்சும் வந்தது. அம்மா என்றது. அப்பா, பால், பூ, மாமா, வா, போ என்று வரிசையாக வந்தது. தறிக்கு நடுவே நின்றுகொண்டு பிள்ளை வாயசைக்க, அனுசுயா அதைப் புரிந்துகொண்டு பால் எடுத்துக் கொடுப்பாள். வேலை முடிந்து அறைக்குப் போனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவளும் முனீஸும்கூட அங்கே பாதி உதட்டால்தான் பேசிக்கொள்வார்கள்.

ஊரிலிருந்து முனீஸின் அப்பா ராக்கையா வீடியோ காலில் கூப்பிடுவார். ஆட்டுக்கிடைக்குப் பக்கத்தில் வேலிக்கருவை மர நிழலில் உட்கார்ந்து பேத்தியைப் பார்ப்பார். பேத்தியும் திரையைப் பார்த்து வாயை அசைக்கும்.

"என்னப்பா உங்க ஊரு டவரு. புள்ள வாய் அசையுது, சத்தம் வர மாட்டேங்குது" என்று அவர் குறைபட்டுக்கொள்வார். முனீஸ் வேறு கம்பெனி சிம் வாங்கிப் போட்டுப் பார்த்தான். அப்போதும் டவர் சரியாகவில்லை.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காக மங்கலம் முழுக்க கரண்டை நிறுத்தும் நாளை ஷட்டவுன் என்பார்கள். தறிக்காரர்களுக்கு அன்று செய்கிற ஒரே வேலை தூக்கம். அனுசுயாவும் அப்படித்தான், பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். பிள்ளைக்கு மூன்று வயது ஆகியிருந்த ஒரு ஷட்டவுன் நாளில் மட்டும் தூங்கவில்லை. தலையில் ஈர் விழுந்திருக்கிறது, பார்த்துவிடுகிறேன் என்று கோமளா சீப்போடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. இரண்டு பேரும் வாசற்படியில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். அறைக்குள் பிள்ளை அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் பூ வரைந்துகொண்டிருந்தது. கோமளா சீப்பை வைக்கக் கையை நீட்டியபோது அடுப்புத் திட்டில் இருந்த எவர்சில்வர் குடத்தைத் தட்டிவிட்டாள். வெறுங்குடம். உருண்டு தரையில் விழுந்து, சுவரில் மோதி, சுழன்று நின்றது. அனுசுயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பிள்ளையின் கை நிற்கவில்லை. அது அடுத்த இதழை வரைந்தது.

கோமளா சீப்பைப் பிடித்தபடி பிள்ளையின் முதுகைப் பார்த்தாள்.

"பழகிப்போச்சுக்கா அவளுக்கு" என்று அனுசுயா சிரித்தாள்.

"கூப்பிடு பாப்போம்" என்றாள் கோமளா. அவள் குரல் இறங்கியிருந்தது.

அனுசுயா பாப்பா என்று கூப்பிட்டாள். பிறகு கனி என்று கூப்பிட்டாள். பிறகு இரண்டையும் சேர்த்துத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினாள். பிள்ளை ஐந்தாவது இதழை முடித்தது. கோமளா எழுந்து பிள்ளைக்குப் பின்னால் போய், வெறுங்காலால் தரையை ஓங்கி மிதித்தாள். உடனே பிள்ளை திரும்பியது.

திரும்பி, அம்மாவைப் பார்த்துச் சிரித்து, வரைந்ததைக் கையால் காட்டி, உதட்டைக் குவித்துப் பூ என்றது.

சத்தம் வரவில்லை.

அனுசுயா அந்த வாயையே பார்த்தாள். பிள்ளை மறுபடியும் அம்மா, பூ என்றது. உதடு சேர்ந்தது, பிரிந்தது, குவிந்தது. எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. மூச்சுக்காற்றின் சத்தம்கூட இல்லை. மகளின் குரல் இப்படித்தான் என்று அவள் மனதில் ஒரு குரல் இருந்தது. மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற குரல். அதை அவள் தினமும் கேட்டிருந்தாள். அதில் பால் கேட்டது, பூ கேட்டது, தூக்கு என்றது. அந்தக் குரலை அவளே செய்து பிள்ளையின் வாயில் வைத்திருக்கிறாள் என்பது, தறி ஒன்றும் ஓடாத அந்தப் பகலில், அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது. பிள்ளை வந்து அவள் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, இன்னொருமுறை பூ என்றது.

முனீஸ் நம்பவில்லை. விசில் வாங்கி வந்து பிள்ளையின் பின்னால் நின்று ஊதினான். தட்டைக் கரண்டியால் அடித்தான். தட்டை அடித்த கையின் காற்று பிடரியில் பட்டுப் பிள்ளை ஒருமுறை திரும்பியபோது, பார்த்தாயா என்று அனுசுயாவோடு சண்டைக்கு வந்தான். நஞ்சப்பன்தான் காரை எடுத்து வந்து, மூவரையும் ஏற்றித் திருப்பூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனார். அங்கிருந்து கோவைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

கோவை அரசு ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தவர் விஜயராணி. காதுப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அவர் வேலை. பிள்ளைக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்ன வட்டங்களை ஒட்டி வயர்களை இணைத்தார். காதில் வைத்த குழாய் வழியாகச் சத்தம் போகும். காது அதை வாங்கி நரம்புக்குக் கொடுத்தால், நரம்பில் போகும் மின்சாரம் திரையில் மேடுமேடாக எழும். இதற்கு பெரா என்று பெயர். தூங்குகிற பிள்ளை பொய் சொல்ல முடியாது, அழுது ஏமாற்ற முடியாது என்றார்.

திரையில் கோடு ஓடியது. மேடு எழவில்லை. விஜயராணி சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். கோடு பாயில் விழுந்த நூல்போலக் கிடந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி, "இப்ப இவ காதுல போறது உங்க தறிக்குப் பக்கத்துல நின்னா கேக்குற சத்தம்" என்றார்.

அனுசுயா திரையையும் பிள்ளையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அதற்குத் தொட்டில் கட்டியிருந்தாள். ஒருநாளும் அது அந்தச் சத்தத்தில் இருந்ததில்லை. மூன்று வருடமாக எங்கோ வேறோர் இடத்தில் இருந்திருக்கிறது.

விஜயராணியின் மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த பெரிய காது ஒன்று இருந்தது. டிபன் கேரியர்போல அடுக்கடுக்காகக் கழன்றது. வெளியே தெரிவது செவிமடல், சத்தத்தைக் கூட்டி உள்ளே அனுப்புவது. துவாரத்தின் கடைசியில் செவிப்பறை, மேளத்தோல் மாதிரி. அதற்குப் பின்னால் நடுக்காது. அதில் அரிசியளவு மூன்று எலும்புகள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. பறை அதிர்ந்தால் சுத்தி பட்டடையை அசைக்கும், பட்டடை அங்கவடியை அசைக்கும், அங்கவடி உள்காதின் வாசலைத் தட்டும். அனுசுயா அதை விரலால் அசைத்துப் பார்த்தாள். ஒன்றை அசைத்தால் மற்றது அசைந்தது. ஒரு தறிக்குள் கட்டை கட்டையைத் தள்ளுவதுபோல அது அவளுக்கு உடனே புரிந்தது.

இதுவரைக்கும் பாப்பாவுக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் விஜயராணி. பிறகு கடைசித் துண்டைக் கழற்றினார். நத்தை ஓடுபோலச் சுருண்டிருந்தது. இதுதான் காக்ளியா, நத்தை எலும்பு என்றும் சொல்வார்கள். உள்ளே நீர் இருக்கும். நீரில் அசைகிற மயிரிழை செல்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும். சத்தத்தை மின்சாரமாக மாற்றிச் செவிநரம்பிடம் கொடுப்பவை அவைதான். பாப்பாவுக்கு வேலை செய்யாதவையும் அவைதான்.

அனுசுயா அந்த நத்தை ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அறுந்த இழையா மேடம்? முடிச்சுப் போட முடியாதா?"

"முடியாது. ஒருதடவ போனா மறுபடி முளைக்காது" என்றார் விஜயராணி.

அடுத்த கேள்வியைக் கேட்க அவளுக்கு நேரம் பிடித்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தான் தறியில் நின்றதாகவும், அதனால்தானா என்றும் கேட்டாள். விஜயராணி, நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றதும், அப்படிப்பட்ட வீடுகளில் இதை அதிகம் பார்க்கிறோம், ஆனால் இதுதான் காரணம் என்று உறுதியாக நான் சொல்லமாட்டேன் என்றார். பிறந்த உடனே காது பார்த்தார்களா என்று கேட்டபோதுதான் அனுசுயாவுக்கு ஞாபகம் வந்தது. பிள்ளை அழுதுகொண்டே இருந்ததால் சோதிக்க முடியவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

விஜயராணி எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் எதையோ எடுத்தபடி ஒரு கேள்வி கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். கணவனும் மனைவியும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் திரும்பி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர்களையும் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்.

அனுசுயா கையைத் தூக்கினாள். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்தாள். கண்ணாடிக்கு வெளியே விஜயராணி பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பது தெரிந்தது. கனத்த சத்தங்கள் அவளுக்குக் கேட்டன. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் போயிருந்தன. ச, ஸ போன்ற எழுத்துகள், குருவிச் சத்தம், கூட்டத்திலும் தண்ணீர்ச் சத்தத்திலும் பேசுகிற மெல்லிய குரல், எல்லாம் அவள் காதுக்கு எட்டாத அந்தப் பக்கம் இருந்தன. அவளுடைய மயிரிழை செல்களைத் தறி தின்றிருந்தது. பிள்ளைக்குப் பிறவியிலேயே இல்லாததை இவள் வேலை செய்து செய்து இழந்திருந்தாள். முனீஸுக்கு அதைவிட மோசம்.

"தறிக்காரனுக்குக் காது எதுக்கு மேடம்? கண்ணும் கையும் இருந்தாப் போதாதா?" என்று முனீஸ் சிரித்தான்.

விஜயராணி சிரிக்கவில்லை. பாப்பாவுக்கு ஆபரேஷன் செய்யலாம், ஸ்கேனில் செவிநரம்பு நன்றாக இருக்கிறது, அரசுக் காப்பீட்டில் செய்துவிடலாம் என்றார். காதுக்குப் பின்னால் எலும்பில் வழி செய்து, ஒரு மெல்லிய வயரை நத்தை எலும்புக்குள் சுருட்டி வைப்பார்கள். வெளியே காதில் ஒரு மிஷின், அதிலிருந்து காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டம். மயிரிழை செல்களை விட்டுவிட்டு வயரே நரம்பிடம் நேராகப் பேசும்.

"மிஷின் வச்சாச்சுன்னா புள்ள பேசிரும்னு நெனச்சிராதீங்க. அது சத்தத்தக் கொண்டுபோய் உள்ள விடும், அவ்வளவுதான். அது என்ன சத்தம்னு சொல்லிக்குடுக்கணும். அவ தப்பாச் சொன்னா கேட்டுத் திருத்தணும். அதுக்கு ஒருத்தரோட வாயும் காதும் வேணும். மூணு வயசு ஆயிருச்சு, இனிமே ஒவ்வொரு மாசமும் கஷ்டம். தறிக்குப் பக்கத்துல இருந்து இத செய்யவே முடியாது."

யாருடைய வாய், யாருடைய காது என்று அனுசுயா கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தது.

திரும்புகிற பஸ்ஸில் முனீஸ் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்ததும், மண்டையில் ஓட்டை போடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன் என்றான். பிள்ளைதான் எல்லாம் சொல்கிறதே, நமக்குப் புரிகிறதே என்றான்.

"நமக்குப் புரியுது மச்சான். நாளைக்குப் பள்ளிக்கொடத்துல டீச்சருக்குப் புரியுமா? இவ தறில வேல பாக்குறவனத்தான் கட்டணுமா?" என்றாள் அனுசுயா.

அவன் வெளியே போய்ப் பல்பு எரியும் குடோன் வாசலில் நின்றான். பிள்ளை அவன் பின்னாலேயே ஓடிப் போய், சுவிட்சை எட்டித் தட்டி விளக்கை அணைத்து எரியவிட்டது. அவன் திரும்பியதும் அப்பா, வா என்று வாயசைத்தது. மறுநாள் கையெழுத்துப் போட்டான்.

நஞ்சப்பன் செய்தியைக் கேட்டுவிட்டு வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் தன் குடோனில் வேலை பார்த்தவர்கள் முகமெல்லாம் அவர் மனதில் வந்து போயிருக்க வேண்டும். போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு தயங்கி, "ஏனுங்க அம்முணி, அந்த மேடம் எம்பட காதையும் பாப்பாங்களா?" என்று கேட்டார். தறிகள் நின்றிருந்த நேரம், இரண்டு முறை உரக்கக் கேட்டதால் தெருவே கேட்டது.

ஆபரேஷன் முடிந்தது. ஒரு பக்கம் முடி மழித்த தலையோடு பிள்ளை வீட்டுக்கு வந்தது. புண் ஆறிய பிறகு மிஷினை மாட்டி முதன்முதலாக ஓடவிடும் நாள் வந்தது. கோமளாவும் கூட வந்தாள். சினிமாவில் வருவதுபோல் பிள்ளை திரும்பிப் பார்த்து அம்மா என்று சொல்லும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். விஜயராணி கணினியில் ஏதோ அழுத்தினார். கட்டை விளையாட்டில் இருந்த பிள்ளையின் கை நின்றது. கண் விரிந்தது. அது தன் மார்பைப் பார்த்தது, மேசையைப் பார்த்தது, பிறகு உதடு கோணி, பயத்தில் ஓவென்று அழுதது. தன் அழுகையே தன் காதில் விழுந்ததும் சட்டென்று நிறுத்தியது. நிறுத்திவிட்டு யார் அழுதது என்று தேடியது.

கோமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாம்புச் செவி என்று தான் சொன்னதை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அனுசுயாவுக்குத் தெரிந்தது.

வேறு இடம் போவதற்காகச் சாமான்களைக் காலி செய்ய அன்று மாலை லைன் வீட்டுக்குத் திரும்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கித் தெரு திரும்பியதுமே பிள்ளை நின்றுவிட்டது. குடோன் பக்கம் கையைக் காட்டி, என்ன என்பதுபோல் விரல்களை விரித்தது. உள்ளே போகப் போக அதன் முகம் வெளுத்தது. தான் தூங்கிய மூலையை, ஓடி விளையாடிய இடத்தை, ஏதோ பிடித்துத் தின்ன வருவதைப் பார்ப்பதுபோல் பார்த்தது. பிறகு தலையில் ஒட்டியிருந்த வட்டத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. அனுசுயா அத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தாள். அது எவ்வளவு பெரியது என்பதை அந்த முகத்தில்தான் பார்த்தாள்.

திருப்பூருக்கு வெளியே, தறி இல்லாத ஓர் இடத்தில் லைன் வீடு பிடித்தார்கள். முனீஸ் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராகப் போனான். அனுசுயா கம்பெனிகளிலிருந்து துணிகளை வாங்கி வந்து வீட்டிலேயே பிசிறு வெட்டினாள். வெட்டிக்கொண்டே பேசினாள். விஜயராணி சொன்னபடி, பார்க்கிறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது கத்தரிக்கோல், இது கை, இது சிவப்பு, இது கிழிந்திருக்கிறது. உதட்டால் பேசிப் பழகியவளுக்குக் குரலைக் கொண்டுவருவது கஷ்டமாக இருந்தது. தன் குரலே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அதைவிடக் கஷ்டம் வேறு இருந்தது. பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ள வேண்டும். மறைக்காவிட்டால் பிள்ளை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும், காதால் கேட்காது. மறைத்தால் பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும், விரலைக் கடிக்கும், அழும். பிள்ளைக்குத் தெரிந்த ஒரே அம்மா அந்த உதட்டில்தான் இருந்தாள். தினமும் காலையில் அ, இ, உ, ம, ஷ, ஸ என்று வாயை மறைத்துச் சொல்லி, பிள்ளை திருப்பிச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அ, இ, உ, ம நான்கும் சீக்கிரம் வந்துவிட்டன. ஷ, ஸ வந்தனவா என்று அனுசுயாவுக்குத் தெரியவில்லை. பிள்ளை பல்லைச் சேர்த்து எதையோ செய்தது. சரியா தப்பா என்று சொல்ல அவளுக்குக் காது இல்லை. சரி என்று சொல்லிவிட்டு, கோவைக்குப் போகும்போது விஜயராணி முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

அவளுக்கும் ஒரு காது மிஷின் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனபோது, தாயும் மகளும் ஜோடியாக மாட்டியிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை உதட்டில் படித்துவிட்டாள். அதற்குப் பிறகு அது டப்பாவோடு அலமாரிக்குப் போனது. விஜயராணி திட்டினார். அடுத்த தடவை மாட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் மாட்டி, பஸ் ஸ்டாண்டில் கழற்றினாள்.

வெயில் ஏறிய ஒரு காலையில் வாசல் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவர்சில்வர் வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளை பின்னால் படியில் பிசிறுக் குவியலோடு விளையாடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பூங்குழலி, பனியன் கம்பெனியில் டெய்லராக இருப்பவள், வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தவள் நின்றாள். குனிந்து அனுசுயாவின் தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க்கா, பாப்பா எத்தன வாட்டி கூப்புடறா. காதுல உழுகலீங்களா?"

அனுசுயாவின் கை பாத்திரத்தின் மேல் அப்படியே நின்றது. சாக்பீஸால் ஐந்தாவது இதழை வரைந்துகொண்டிருந்த ஒரு சின்ன முதுகு அவளுக்கு முன்னால் வந்தது. அவள் மெல்லக் குழாயை மூடினாள்.

பிள்ளை அதற்குள் எழுந்து சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டிருந்தது. அதன் முகத்தில் கோபம் இல்லை. பழைய வழக்கப்படி அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. உதட்டை அசைக்கப் போகிறது என்று அனுசுயா பார்த்தாள். பிள்ளை ஒரு கணம் யோசித்து, வலது கையை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டது. தினமும் காலையில் அவள் செய்வதை அப்படியே செய்தது. இனி படிப்பதற்கு உதடு இல்லை.

குழாயிலிருந்து கடைசிச் சொட்டு விழுந்தது.

கைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் மூன்று வருடம் மனதில் வைத்திருந்த கீச்சுக்குரல் அல்ல. அடித்தொண்டையிலிருந்து, கொஞ்சம் தடித்து, மூக்கில் ஏறி வந்த குரல். அம்மா என்பதில் முதல் எழுத்து நீண்டும் கடைசி எழுத்து பாதியில் அறுந்தும் இருந்தது. அதற்குப் பிறகு இன்னொரு சொல்லும் இருந்தது. அதன் நடுவில் ஏதோ ஓர் எழுத்து அனுசுயாவுக்கு எட்டவில்லை.

"ரெண்டாவது என்ன சொன்னா?" என்று பூங்குழலியிடம் கேட்டாள்.

"பசிக்குதுங்கறா."

அனுசுயா சோப்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்து, மிஷினைக் காதில் மாட்டினாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். தன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, இன்னொருக்கா சொல்லு என்றாள்.